கடைசிச் சரணத்துக்கு முன்னால்

துக்க வீட்டுக்குப் போகிறவர்கள், துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை தாங்களும் பேசக் கூடாது என்பது யூதர்களின் முறை. பெரியவர்கள் யோசித்துத்தான் வகுத்திருக்கிறார்கள், குறை சொல்வதற்கில்லை. ஆனால் அவர் வாயே திறக்காவிட்டால் வந்தவர்கள் என்ன செய்வது என்று அவர்கள் சொல்லிவிட்டுப் போகவில்லை. அதனால் இஸ்ரேலின் ஹைஃபா நகரில், ஹதார் மேட்டில், மூன்றாம் மாடியில் இருந்த எல்கனாவின் வீட்டுக்கு வந்த ஜனங்கள் புதன்கிழமை முழுவதும் கேக் தின்றார்கள். ஒருவர் எழுந்து போக, இன்னொருவர் வந்து உட்கார்ந்து, எல்கனாவின் முகத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, தட்டை எடுத்துக்கொண்டார். எல்கனாவின் மனைவி ஷிஃப்ரா மத்தியானத்துக்குள் மூன்று முறை தட்டுகளை நிரப்பிவிட்டாள்.

எல்கனா குட்டை நாற்காலியில், கழுத்தருகே கிழிந்த சட்டையும் காலில் துணிச் செருப்புமாக உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்து நான்கு. பஸ் டிப்போவில் முப்பத்தைந்து வருடம் எலெக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். ஆனால் அந்தத் தெருவில் அவரை யாரும் எலெக்ட்ரீஷியன் என்று சொல்வதில்லை. கீழே இருக்கும் சின்ன ஜெப ஆலயத்தில், வெள்ளிக்கிழமை சாயங்காலம், சபத் என்னும் வார ஓய்வு நாளை வரவேற்கும் பாட்டை எடுத்துக் கொடுத்து நடத்துகிறவர் அவர்தான். இருபத்திரண்டு வருடமாக அந்தக் குரலைக் கேட்டால்தான் அந்தத் தெருவுக்கு வாரம் முடியும். வேலை போனவன், பெண்டாட்டியோடு சண்டை போட்டவன், ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறவன், எல்லோரும் அரைமணி நேரம் அந்தப் பாட்டுக்குள் போய் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இறந்தது அவருடைய தம்பி கலேவ். ஐம்பத்தெட்டு வயது. தெற்கே, பாலைவனத்து ஊர் ஒன்றில், திங்கட்கிழமை தூக்கத்திலேயே போய்விட்டான். செவ்வாய்க்கிழமை அடக்கம். எல்கனா போய், கூட்டத்துக்குப் பின்னால் நின்று, துக்க முறைப்படி சட்டையைக் கிழித்துக்கொண்டு, அன்றைக்கே பஸ் ஏறித் திரும்பிவிட்டார். கலேவின் மகள் இலனித், "ஏழு நாளும் எங்களோடயே உக்காருங்க பெரியப்பா" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "முட்டி வலி. என் வீட்டு நாற்காலிதான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டு வந்தார். முட்டியில் அவருக்கு ஒரு வலியும் இல்லை.

வேறு எங்கே வலிக்கிறது என்பது அவருக்கே பிடிபடவில்லை, அதுதான் தொல்லை. அழுகை வரவில்லை. சட்டைப் பையில் சாவியைத் தேடுகிறவர் மாதிரி உள்ளே துழாவித் துழாவிப் பார்த்தார். கோபம் கைக்கு வந்தது, பசி வந்தது, எதற்கென்று தெரியாத ஒரு வெட்கமும் வந்தது. துக்கம் மட்டும் அகப்படவில்லை. பதினோரு வருடமாகப் பேசாத தம்பிக்கு எங்கேயிருந்து துக்கப்படத் தொடங்குவது?

புதன்கிழமை நான்கு மணிக்கு மேல்மாடி ப்ரூரியா வந்தாள். எழுபது வயது, ஓய்வு பெற்ற நர்ஸ். அவளும் பத்து நிமிடம் முறைப்படி சும்மா இருந்து பார்த்தாள். பிறகு தட்டைக் கீழே வைத்தாள்.

"எல்கனா, நான் பேசப் போறேன். நீ வாயத் தெறக்குற மாதிரி தெரியல. என் முதுகுக்கு இந்த சோஃபால இதுக்கு மேல சும்மா உக்கார முடியாது."

எல்கனா கையை அசைத்தார். பேசு என்றும் எடுத்துக்கொள்ளலாம், போ என்றும் எடுத்துக்கொள்ளலாம். ப்ரூரியா தனக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டாள்.

"அந்த பஸ் ஸ்டாப் பாட்டு உன் தம்பி பாட்டுன்னு எனக்கு நேத்துதான் தெரியும். ரேடியோவுல சொன்னாங்க. நம்ம படிக்கட்டுல பாடினோமே, ராக்கெட்டுக்குப் பயந்து சைரன் அடிச்சிட்டே கிடந்த அந்த மாசம். மூணாவது மாடிக்கும் ரெண்டாவது மாடிக்கும் நடுவுல எல்லாரும் ஒண்டிக்கிட்டு. யாரோ ஆரம்பிச்சா, உடனே எல்லாரும் சேந்துக்குவோம். எங்க வார்டுலயும் அதத்தான் பாடுவோம். நடுக்கம் நிக்கும். நீயும் பாடினே."

"நான் பாடல" என்றார் எல்கனா. வீடு திரும்பியதிலிருந்து அவர் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

"பாடினே. என் பக்கத்துல உக்காந்துதான் பாடினே. உன் மூச்சுல வெங்காய வாடை, எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு."

"இல்ல."

சமையலறையிலிருந்து ஷிஃப்ரா எட்டிப் பார்த்தாள். "பாடினே, எல்கனா. முணுமுணுத்தே. நான் இந்தப் பக்கம் உக்காந்திருந்தேன்."

அந்தப் பாட்டு ரேடியோவில் வந்தால் முதல் வரியிலேயே திருகி மூடுகிறவர் அவர். பஸ் ஸ்டாப்பில் யாருக்காகவோ காத்திருக்கும் ஒரு பெண்ணைப் பற்றி, டெல் அவீவ் காபிக் கடைகளில் உட்கார்ந்து தம்பி கட்டிய பாட்டு. அதை ஒரு நாளும் கடைசிவரை அவர் கேட்டதில்லை. படிக்கட்டில்கூட, பாட்டு முடிவதற்குள் ஆபத்து நீங்கியது என்ற அறிவிப்பு வந்துவிடும், அவரவர் வீட்டுக்கு ஓடிவிடுவார்கள். தான் அதை முணுமுணுத்தோமா? எப்போது? யாரைக் கேட்டு?

இந்த மெட்டு அவருக்கு ஆகாமல் போன கதை ஆலயத்துக்கு வருகிறவர்களுக்கெல்லாம் தெரியும், ஏனென்றால் அவரே அதை அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். பதினோரு வருடத்துக்கு முன்னால் ஒரு வெள்ளிக்கிழமை கலேவ் ஊருக்கு வந்திருந்தான். ஆலயத்தில் நாலு பேர், "இன்னிக்கு உன் தம்பி நடத்தட்டுமே" என்றார்கள். எல்கனா பல்லைக் கடித்துக்கொண்டு சரி என்றார். கலேவ், பாட்டை நடத்துகிறவர் நிற்கும் மேசைக்கு முன்னால் போய் நின்று, சபத்தை வரவேற்கும் புனிதப் பாட்டை, வார்த்தை மாறாமல், தன் காபிக் கடை மெட்டில் பாடினான். சட்டப்படி தவறில்லை. வார்த்தைதான் மாறக் கூடாதே தவிர, மெட்டு எங்கிருந்து வந்தாலும் ஆலயம் ஏற்றுக்கொள்ளும். பக்கத்தில் நின்ற எல்கனாவுக்குத்தான் காது எரிந்தது.

அந்தப் பாட்டின் கடைசிச் சரணத்தை எல்லோரும் வாசலைப் பார்த்துத் திரும்பி நின்று, வணங்கிப் பாடுவார்கள். சபத் மணப்பெண்ணாக அந்த வாசல் வழியாக வருகிறாள் என்பது நம்பிக்கை. கலேவ் அந்தச் சரணத்துக்கு முன்னால் வந்ததும் நின்றுவிட்டான். ஒரு மூச்சு ஆயிற்று, இரண்டு ஆயிற்று, மூன்றாவதும் ஆயிற்று. ஆலயம் முழுக்க சத்தமில்லை. பையன் மறந்துவிட்டான், மானம் போகிறது என்று எல்கனாவுக்குப் பட்டது. மேசையில் பலமாகத் தட்டி, கடைசிச் சரணத்தைப் பழைய மெட்டில் தானே எடுத்துப் பாடினார். ஜனங்கள் தொடர்ந்தார்கள். கலேவ் ஜனங்களுக்கு நடுவே நடந்து அதே வாசல் வழியாக வெளியே போனவன் திரும்பி வரவில்லை. அந்த வாசலுக்கும் வரவில்லை, அண்ணன் வீட்டுக்கும் வரவில்லை.

"அவன் பாதியில மறந்துட்டான், நான் எடுத்துக் குடுத்தேன். அதுக்குப் போய்க் கோச்சுக்கிட்டான்." பதினோரு வருடமாக எல்கனா இதைத்தான் சொல்லி வந்தார். அவன் மறந்தது உண்மையானால் எல்கனா தம்பிக்குக் கைகொடுத்த அண்ணன். உண்மையில்லையென்றால் தம்பியை வாசலுக்கு வெளியே தள்ளிய அண்ணன். இரண்டுக்கும் நடுவில் நிற்க இடமில்லை. கலேவ் உயிரோடு இருந்தவரை என்றைக்காவது கேட்டுக்கொள்ளலாம் என்றிருந்தார். இனி யாரைக் கேட்பது?

வியாழக்கிழமை மெனாஷே வந்தார். ஆலயத்தின் சாவி, விளக்கு, வரவு செலவு எல்லாம் அவர் பொறுப்பு. மற்ற நேரத்தில் தெருமுனையில் ஆணி, குழாய், பெயிண்ட் விற்பார். எல்கனா பேச ஆரம்பித்துவிட்டார் என்று கேள்விப்பட்டு வந்தவர் போல, உட்கார்ந்த உடனே விஷயத்துக்கு வந்தார்.

"நாளைக்கு நீ வெளியில நிக்கணும். பாட்ட யாராவது நடத்தணும். நான்தான் நடத்தப் போறேன், வேற ஆள் இல்ல."

ஏழு நாள் துக்கத்தில் இருப்பவர் வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்தப் பாட்டு முடியும்வரை ஆலயத்துக்கு வெளியே நிற்க வேண்டும். பாட்டு முடிந்த பிறகுதான் உள்ளே வருவார். வந்ததும் எல்லோரும் அவரைப் பார்த்து ஒரே குரலில் ஆறுதல் வாக்கைச் சொல்வார்கள். இருபத்திரண்டு வருடத்தில் எத்தனையோ பேரை அப்படி உள்ளிருந்தபடி எல்கனா வரவேற்றிருக்கிறார். இந்த வாசலுக்கு வெளியே நிற்பது இதுதான் முதல் தடவை, அவருடைய அப்பா அம்மா இறந்தபோது அவர் வேறு ஊரில் இருந்தார்.

"நடத்து" என்றார்.

மெனாஷே தொடையைத் தேய்த்துக்கொண்டார். "பாதிப் பாட்டுல மெட்ட மாத்துறது எப்பவும் உள்ளதுதானே. நம்ம ஆளுங்க கேக்குறாங்க, அந்தப் பின்பாதிய உன் தம்பி மெட்டுல பாடலாமான்னு. அவனுக்காக. உனக்குச் சம்மதமில்லன்னா வேணாம்."

எல்கனாவுக்குச் சம்மதம் என்றும் சொல்ல வரவில்லை, வேண்டாம் என்றும் சொல்ல வரவில்லை. "நான் வெளியிலதானே நிப்பேன். எனக்கென்ன" என்றார்.

"இது ஆமாவா இல்லையா?"

"மெனாஷே, உன் குரலுக்கும் ராகத்துக்கும் ஏழாம் பொருத்தம். நீ எந்த மெட்டுல பாடினா என்ன, எல்லாம் ஒண்ணாத்தான் கேக்கும்."

மெனாஷே இதை ஆமாவாக எடுத்துக்கொண்டு, ஷிஃப்ரா கொடுத்த எள் பிஸ்கட்டை ஜேபியில் போட்டுக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை காலையில் இலனித் போன் செய்தாள். தொண்டை கட்டியிருந்தது.

"அழுது அழுதா இப்படி ஆச்சு?" என்று எல்கனா கேட்டார்.

"பாடிப் பாடி, பெரியப்பா. நேத்து எண்பது பேருக்கு மேல வந்துட்டாங்க, வீடு கொள்ளல. அப்பாவத் தெரியாதவங்ககூட வந்திருந்தாங்க. யாருக்கும் என்ன பேசுறதுன்னு தெரியல. யாரோ ஒரு அம்மா மெதுவா அப்பா பாட்டு ஒண்ண ஆரம்பிச்சாங்க. அப்புறம் வேதத்துல இருக்கிற சங்கீதத்துலேருந்து ஒரு ஜெபப் பாட்டு. மறுபடி அப்பாவோடது. எது கோயில் பாட்டு, எது கடைப் பாட்டுன்னே கொஞ்ச நேரத்துல தெரியல. எனக்கு மூச்சு விட முடிஞ்சுது."

எல்கனா போனைக் கையில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தார். துக்க வீட்டு வழக்கப்படி நிலைக்கண்ணாடியை மூடித் தொங்கிய வெள்ளைத் துணியைப் பார்த்தார். கேட்கவா வேண்டாமா என்று இருந்தது. கேட்டார்.

"உங்கப்பா அந்த வெள்ளிக்கிழமை பத்தி ஏதாவது சொல்லியிருக்கானா?"

"கேட்டா சிரிப்பாரு. 'அண்ணன் அவசரப்பட்டுட்டான்'னு மட்டும் சொல்வாரு. அதுக்கு மேல ஒண்ணும் சொல்ல மாட்டாரு."

"அவசரமா? என்ன அவசரம்?"

"எனக்குத் தெரியல பெரியப்பா. உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன்."

அவருக்குத் தெரியவில்லை. போனை வைத்த பிறகும் தெரியவில்லை. மறந்துபோனவனுக்கு எடுத்துக் கொடுப்பதில் அவசரம் என்ன இருக்கிறது? மூன்று மூச்சு பொறுத்தாரே. இன்னும் எத்தனை மூச்சு பொறுத்திருக்க வேண்டும்? அன்றைக்கு மத்தியானம் முழுவதும் வந்தவர்கள் பேசினார்கள், அவர் காதில் ஒன்றும் ஏறவில்லை. யாரோ ஒரு பழைய பஸ் டிரைவர் தன் மனைவி போன வருடத்தில் எல்கனாவின் வெள்ளிக்கிழமைப் பாட்டுதான் தன்னை நடமாட வைத்தது என்று சொல்லி அழுதார். துக்க வீட்டுக்காரர் அழாமல் இருக்க, வந்தவர் அழுதது பார்க்க வேடிக்கையாக இருந்தது. எல்கனாவுக்கு அவர் மேல் பொறாமையாகவும் இருந்தது.

நாலரை மணிக்கு ஷிஃப்ரா நல்ல சட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் போட்டாள். சபத் வந்துவிட்டால் துக்கத்தை வெளியே காட்டக் கூடாது. கிழிந்த சட்டையைக் கழற்ற வேண்டும், தோல் செருப்பு போட வேண்டும்.

"நான் போகல" என்றார் எல்கனா.

"சரி. ஏன்?"

"போனா உள்ள கூப்பிட்டு ஆறுதல் சொல்வாங்க."

"அதுக்குத்தானே போறது."

"எனக்கு எதுக்கு ஆறுதல்? எனக்கு அழுகையே வரல ஷிஃப்ரா. நாலு நாளா உக்காந்து பாக்குறேன். அழாதவன் போய் வாசல்ல நின்னு, குடுங்கன்னு வாங்கிட்டு வந்தா அது திருட்டு மாதிரி இல்லையா? அதுவும் அந்த வாசல்ல."

ஷிஃப்ரா சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். நாற்பது வருடமாக அவரோடு குடித்தனம் நடத்துகிறவள். எங்கே தள்ள வேண்டும், எங்கே விட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும்.

"அழுறவங்களுக்கு மட்டும்தான் ஆறுதல்னு எங்கயும் எழுதல. நீ போய் வெளிய நில்லு. உள்ள போறதும் போகாததும் அங்க வெச்சு முடிவு பண்ணிக்கோ. நான் மாடத்துல இருப்பேன்" என்று சொல்லிவிட்டு, தலைக்குத் துணி கட்டிக்கொண்டு ஆலயத்துப் பெண்கள் மாடத்துக்கு அவருக்கு முன்பே போய்விட்டாள். சண்டை போட ஆள் இல்லாமல் எல்கனா சட்டையைப் போட்டுக்கொண்டார்.

ஆலயம் அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில், தெருப் படிகளை ஒட்டிய சின்ன முற்றத்துக்கு உள்ளே இருந்தது. வெயில் இன்னும் முற்றிலும் போகவில்லை. கதவு சாத்தியிருந்தது. குப்பைத் தொட்டியருகே ஒரு காட்டுப் பன்றி, மலைக் காட்டிலிருந்து வழக்கம்போல் இறங்கி வந்து, பையைக் கிழித்துக்கொண்டிருந்தது. விலக்கப்பட்ட மிருகமான பன்றி ஜெப ஆலய வாசலில் நிற்பதற்கு ஹைஃபாவில் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்வதில்லை. ஆனால் இன்றைக்கு எல்கனாவுக்கு அது தன்னைப் பார்த்து நிற்பதுபோல் பட்டது. அதை விரட்டச் சத்தம் போடவும் முடியாது, உள்ளே பாட்டு ஆரம்பமாகிவிட்டது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார்கள்.

முதல் பாதி பழைய மெட்டு. மெனாஷே முதல் வரியிலேயே சுருதி தவறினார். ஜனங்கள் அவரைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாடினார்கள். வெளியே நின்று அதைக் கேட்பது விசித்திரமாக இருந்தது. உள்ளே இருந்தவரை அவர் தன் குரலைத்தான் கேட்டிருக்கிறார். நாற்பது ஆண்களும் மேலே பெண்களும் சேர்ந்தால் அது எவ்வளவு பெரியது என்று அவர் கேட்டதே இல்லை. அவர் இல்லாமலும் அது நடந்தது. அதில் அவருக்கு வருத்தமா நிம்மதியா என்று பிரித்துப் பார்க்க வரவில்லை.

ஐந்தாவது சரணம் முடிந்ததும் மெட்டு மாறியது.

கலேவின் மெட்டு. மெனாஷே அதை ஆரம்பித்ததும் ஜனங்கள் அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்கள். யாருக்கும் யோசனையோ தடுமாற்றமோ இல்லை, எல்லோருக்கும் அது முன்பே தெரிந்திருந்தது. எங்கே கற்றார்கள்? படிக்கட்டிலா, வார்டிலா, ரேடியோவிலா? பஸ் ஸ்டாப்பில் காத்திருக்கும் பெண்ணுக்காகக் கட்டிய மெட்டில், வரப்போகும் சபத்துக்கான வார்த்தைகள் போய் உட்கார்ந்தன. எல்கனாவின் காது எரியவில்லை. எரிய வேண்டும் என்று எதிர்பார்த்து நின்றார், எரியவில்லை. மெட்டு நன்றாக இருந்தது. தம்பி கெட்டிக்காரன் என்று தோன்றியது, தோன்றிய உடனே, இதை அவனிடம் ஒரு தடவைகூடச் சொல்லவில்லையே என்றும் தோன்றியது.

சரணம் ஒவ்வொன்றாக விரலில் எண்ணினார். ஆறு. ஏழு. எட்டாவதும் முடிந்தது. இனி கடைசி ஒன்றுதான் பாக்கி.

பாட்டு நின்றது.

ஒரு மூச்சு. உள்ளே குரலே இல்லை. இரண்டு. மறந்துவிட்டார், மெனாஷே மறந்தேவிட்டார். பழக்கமில்லாத மனிதன், நடுவில் தொலைந்துபோய் மேசைக்கு முன்னால் வியர்த்துக்கொண்டு நிற்கிறார். ஜனங்கள் காத்திருக்கிறார்கள். எல்கனா துக்கத்தில் இருப்பதை மறந்தார், வெளியே நிற்க வேண்டியவர் என்பதை மறந்தார். இருபத்திரண்டு வருடப் பழக்கம் அவரைப் பிடித்துத் தள்ளியது. மூன்றாவது மூச்சில், கடைசிச் சரணத்தின் முதல் சுரத்தை வாயில் வைத்துக்கொண்டு, கதவைத் திறந்துவிட்டார்.

நாற்பது முகங்கள் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

எல்லோரும் வாசலை நோக்கித் திரும்பி நின்றிருந்தார்கள். மேசையருகே மெனாஷேயும் திரும்பி நின்றிருந்தார். வியர்க்கவில்லை, மறக்கவில்லை. கடைசி வரிசையில் ஊன்றுகோல் வைத்திருந்த நஃப்தாலி தாத்தா மட்டும் இன்னும் திரும்பிக்கொண்டிருந்தார். அவர் கால் எடுத்து வைத்து, கோலை மாற்றி, நேராக நிற்கும்வரை எல்லோரும் சும்மா நின்றார்கள். அவரும் நின்றதும், யாரும் எடுத்துக் கொடுக்காமல், கடைசிச் சரணம் அத்தனை பேர் வாயிலிருந்தும் ஒன்றாக வந்தது.

அவர்களுக்கும் குழப்பம்தான். மணப்பெண் வர வேண்டிய வாசலில் எலெக்ட்ரீஷியன் எல்கனா வாயைத் திறந்தபடி நிற்கிறார். ஆனால் பாட்டை நடுவில் நிறுத்த முடியாது. வாசலைப் பார்த்து வணங்க வேண்டிய இடத்தில் வலப்பக்கம் வணங்கினார்கள், இடப்பக்கம் வணங்கினார்கள். எல்கனா அசையாமல் நின்றார். அவர் வாயில் இருந்த சுரம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

அந்த நிறுத்தம் திரும்புவதற்காக. கிழவர்களும் முடியாதவர்களும் திரும்பி முடிக்கும்வரை பொறுப்பதற்காக. பழைய மெட்டில் அதற்கு நேரமில்லை, பாடிக்கொண்டே இடித்துக்கொண்டு திரும்புவார்கள். கலேவ் அதைப் பார்த்திருக்கிறான், தன் மெட்டில் அதற்கு இடம் விட்டுப் பாடியிருக்கிறான். அன்றைக்கும் ஜனங்கள் திரும்பிக்கொண்டுதான் இருந்திருக்கிறார்கள். எல்கனா மட்டும் சுவரைப் பார்த்துக்கொண்டு, தம்பிக்கு மானம் போகிறது என்று மூச்சை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார்.

பாட்டு முடிந்தது. இப்போதுதான் அவர் உள்ளே வர வேண்டிய நேரம். அவர் ஏற்கெனவே வாசல்படியில் நின்றதால் மெனாஷேவுக்கு என்ன செய்வதென்று விளங்கவில்லை. கொஞ்சம் இருமிவிட்டு, முறையைத் தொடங்கினார். எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள்: "எருசலேமுக்காகத் துக்கப்படுகிற எல்லாரோடும் சேர்த்து இறைவன் உனக்கும் ஆறுதல் தரட்டும்."

அதைக் கேட்டுத் தலையசைத்துவிட்டுப் போய் உட்கார வேண்டும். எல்கனா போகவில்லை.

"அவன் மறக்கல" என்றார்.

பாதி உட்காரப் போன சிலர் அப்படியே நிமிர்ந்தார்கள்.

"நீங்க எல்லாரும் அன்னிக்கே திரும்பிட்டிருந்தீங்க. நான்தான் பாக்கல. நான் தட்டினேன். அவன் மறந்துட்டான்னு பதினோரு வருஷமா உங்ககிட்டயே சொல்லிட்டிருக்கேன்." கதவுப் பிடியை அவர் இன்னும் விடவில்லை. "உங்களுக்கு அது தெரியுமா?"

மெனாஷே தரையைப் பார்த்தார். மேலே மாடத்தில் ஒரு நாற்காலி நகர்ந்தது.

"தெரியும்" என்றார் நஃப்தாலி தாத்தா. "எல்லாருக்கும் தெரியும்."

"ஏன் சொல்லல?"

கிழவர் கோலை மாற்றிப் பிடித்தார். "சொன்னா நீ மேசைக்கு வர மாட்டே. அவனும் போயிட்டான், நீயும் போயிட்டா வெள்ளிக்கிழமைக்கு எங்களுக்கு யாரு இருக்கா? எங்களுக்குப் பாட்டு வேணும் எல்கனா. அதனால சும்மா இருந்துட்டோம்."

பழைய பஸ் டிரைவர் முகத்தை மூடிக்கொண்டார். இன்னும் இரண்டு பேர் ஜெபப் புத்தகத்துக்குள் குனிந்துகொண்டார்கள். யார் யாரை மன்னிக்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவருக்கும் தெரியவில்லை. சபத் வந்துவிட்டது, ஜெபம் நின்றுபோய் இருக்கிறது. பொறுப்பாளர் மெனாஷே, தான் பொறுப்பாளர் என்பது நினைவுக்கு வந்து, வேறு எதுவும் தோன்றாமல், சற்றுமுன் சொன்ன ஆறுதல் வாக்கையே மறுபடி ஆரம்பித்தார்.

அது ஒரு தடவைதான் சொல்ல வேண்டியது. இரண்டாம் தடவை சொல்லும் வழக்கம் எந்த ஊரிலும் இல்லை. இருந்தும் முதலில் கிழவர் சேர்ந்தார், பிறகு எல்லோரும் சேர்ந்தார்கள், மேலேயிருந்து பெண்களும் சேர்ந்தார்கள். எல்கனா அழுதுகொண்டிருந்தார். அழுகையோடு அவர் வாயும் அசைந்தது. எதிரே நின்ற அத்தனை பேரையும் பார்த்து, இறைவன் உங்களுக்கும் ஆறுதல் தரட்டும் என்று அவரும் சேர்ந்து சொன்னார்.